அப்பா காட்டிய நகரம்

சிட்னித் துறைமுகத்தில் இன்று சுற்றுலாக் கப்பலொன்று ஊதியது. மகளோடு நடந்துகொண்டிருந்த நான் நின்றுவிட்டேன்.

நான் வளர்ந்தது நோர்வேக் கரையோரத்துச் சின்ன நகரமொன்றில். அங்கே மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த அப்பா, கப்பல் ஊதினால் கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துப் போவார். இறங்குகிறவர்களில் மாநிற முகம் கண்டால் "தமிழோ?" என்பார். "ஓம்" என்றால் விடமாட்டார். மரத்தால் கட்டிய தேவாலயம், மீன் காயும் பரண்கள், கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு எல்லாம் காட்டி, கடைசியில் எங்கள் வீட்டில் சோறு.

எனக்குப் பதினொரு வயதில் ஒரு தம்பதி அகப்பட்டார்கள். இரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று அப்பா துறைமுகத்திலிருந்தே அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டார். அப்பாவின் கோட்டில் எப்போதும்போல மீன் நாற்றம். அந்த அன்ரி கைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம், "இவர் உம்மட அப்பாவோ?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி, ஊர் சுத்திக் காட்டுற கைட்."

முன்னால் நடந்த அப்பா திரும்பினார். "ஓம், கைட்தான்" என்று சிரித்தார். வெளிச்சவீட்டையும் காட்டிவிட்டு, அவர்களைக் கப்பலடியிலேயே விட்டுவிட்டார்.

வீட்டில் அம்மா ஐந்து தட்டு வைத்துக் காத்திருந்தார். "எங்கையப்பா ஆக்கள்?"

"அவைக்கு நேரமில்லையாம்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

சிட்னியில், கப்பலிலிருந்து இறங்குகிறவர்களில் மாநிற முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரைத் தேடுகிறேன் என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒருத்தரையும் இல்லை" என்றேன். அப்பாவை இரண்டாந்தரமும் மறைத்துவிட்டேன்.