நகத்தில் நசுங்கிய உண்ணி

ரமணாசிரமம் பக்கம் எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது தன் நாயை எங்களிடம் விட்டுப் போனார். நாயோடு உண்ணியும் வந்தது. காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் ரத்தம் குடித்து உப்பி, ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி தொங்கும். சில நேரம் சுவரிலும் ஏறும். எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவிக்கு அருவருப்பு கம்மி. மகள் தலையில் பேன் குத்திப் பழகிய கை. உண்ணியையும் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்குவாள். டப்பென்று கறுப்பு ரத்தம் தெறிக்கும்.

"ச்சீ, கைய கழுவு" என்பேன்.

"பேன் குத்துன கையாலதானே இத்தனை நாளா சோறு போட்டேன், அப்ப இனிச்சுதா?" என்று சிரிப்பாள்.

கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. "அம்மை போட்டிருக்கு, மாத்திரை கீத்திரை குடுத்துடாதீங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வேப்பிலை வைத்தோம். அவள் என்னையே அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்ததும் பயந்துபோய் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பினார். அங்கேயும் புள்ளி. "வீட்ல நாய் இருக்கா?" என்றார். நகக்கதையைச் சொன்னேன். முகம் சுளித்தார். "உண்ணிக்குள்ளதாங்க கிருமி இருக்கு. கடிச்சாலும் வரும், நசுக்கினா கீறல் வழியாவும் போகும்."

மாத்திரையில் காய்ச்சல் இறங்கி, பிழைத்து வீடு வந்தாள். நான் முள்வாங்கியால் பிடுங்கிப் போட்ட உண்ணிகள் கொட்டாங்குச்சி மண்ணெண்ணெயில் மிதந்தன. எட்டிப் பார்த்தவள், "உவ்வே, மூடுங்க!" என்றாள்.

அன்றைக்கு அவள் ஸ்பூனில்தான் சாப்பிட்டாள்.