பிரஷர் இல்லாத கரீமுல்லா

கண்டக்டர் கரீமுல்லாவுக்கு நாற்பத்தொன்பது வயதுவரை ஒரு பெருமை இருந்தது. வருஷா வருஷம் டிப்போவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அவருடைய ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது என்று நூல் பிடித்தாற்போல வரும். மற்றவர்கள் உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, அவர் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார். "நமக்கு இன்னா நைனா, பிரஷரா கீது?" என்பார்.

டிரைவர் கபாலியும் அவரும் பதினோரு வருஷமாக ஒரே வண்டி. திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்கு ஓடும் பஸ். ஒவ்வொரு நடை முடிந்ததும் கரீமுல்லாவுக்கு ஒரு சிகரெட் வேண்டும்.

எப்போதாவது நெஞ்சுக்குள் தாறுமாறாகப் படபடக்கும். ஒருநாள் சாப்பிடும்போது வலது கை விரல்கள் பத்து நிமிஷம் மரத்துப்போய்த் தானாகவே சரியாயின. மனைவி ஜஹனாரா டாக்டரிடம் போகலாம் என்றாள். "கைய மடக்கி வச்சுத் தூங்கிட்டேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூலையில் ஒரு காலை. பஸ் அடையாறு பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தது. மந்தைவெளி என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தார். வேறு ஏதோ சத்தம் வந்தது. கையிலிருந்த டிக்கெட் கட்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் ஒரு சீட்டின்மேல் சாய்ந்தார்.

"காலங்காத்தால போட்டுட்டு வந்துட்டான்யா" என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

பின்னால் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்த நொச்சிக்குப்பத்து மீன்காரி ஜானு எழுந்து வந்து அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இது குடி இல்ல. வாய் கோணிக்கினு கீது பாரு. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. ஊட்டுல படுக்க வச்சு எண்ணெய் தேச்சோம், வீணாப்போச்சு. டிரைவரே, எங்கயும் நிக்காத, நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு."

கபாலி விளக்கைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். லஸ்ஸில் இறங்க வேண்டியவர்களும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில், முதலில் கேலி பேசியவரே கரீமுல்லாவின் கால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டார்.

ஜஹனாரா வந்து சேர்ந்தபோது அவருக்கு வலது கை அசையவில்லை, பேச்சும் இல்லை. "அவருக்கு பிரஷரே கெடயாது டாக்டரம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி அவளை உட்காரவைத்தார். "இப்பவும் பிரஷர் சரியாத்தான் இருக்கும்மா. ஆனா பக்கவாதத்துக்கு அது ஒண்ணு மட்டும் காரணம் இல்ல. இவர் நாடி ஒரே சீரா ஓடல. இதயம் தாறுமாறா துடிச்சா உள்ள ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைச்சிருக்கு. சர்க்கரையும் நிறைய இருக்கு, அது இவருக்கே தெரியல. அதோட சிகரெட் வேற."

"விரல் மரத்துப்போச்சே, அதுவா?"

"அது முன்னாடியே வந்த எச்சரிக்கை. பரவால்ல, இன்னைக்கு நேரத்தோட கொண்டுவந்துட்டாங்க."

மூன்று வாரம் கழித்தும் பேச்சு வரவில்லை. பெண்டாட்டி பெயரைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கபாலி வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "திருவான்மியூர்" என்றார்.

"எல்.பி. ரோடு" என்றார் கரீமுல்லா.

கபாலி அவர் பக்கமாகக் குனிந்தார். "அப்பால, பாய்?"

"அடையாறு... சத்யா ஸ்டூடியோ... மந்தைவெளி... லஸ்." மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஜஹனாரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மனப்பாடமான வரிசை சிலருக்கு முதலில் திரும்பும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதன் பிறகு ஜஹனாரா ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு கேள்வியைச் செருகினாள். அடையாறில் யார் இருக்கிறார்கள்? தங்கச்சி. லஸ்ஸில் என்ன வாங்குவோம்? பழம். அவள் பெயர் வர நாற்பது நாள் ஆயிற்று. அன்று அதை அவர் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கை முழுசாகத் திரும்பவில்லை. சட்டைப் பட்டனை இடது கையால் போடப் பழகினார். சிகரெட்டை விட்டார், இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவையில் விட்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை.

பத்தாவது மாதம் டிப்போவில் பஸ்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். ஓடும் பஸ்ஸை விட்டுவிட்டு ஜன்னலுக்குள் உட்காருவது முதலில் அவருக்குக் கசந்தது. அந்த வருஷப் பரிசோதனைக்கு டாக்டர் வந்தபோது, மேஜை முன்னால் போய் நின்றார்.

"பிரஷர்... மட்டும்... போதாது சார். நாடி பாருங்க. சர்க்கரை... பாருங்க. எல்லாருக்கும்."

அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். டாக்டர் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் எடுத்த பரிசோதனையில் ஏழு பேருக்குச் சர்க்கரை இருந்தது. ஒரு மெக்கானிக்கின் நாடி சீராக இல்லை. அவனை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த ஏழு பேரில் கபாலியும் ஒருவர்.

"உன்னால என் டீயே கெட்டுப்போச்சு பாய்" என்றார் கபாலி.

கரீமுல்லா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. இரண்டு பேருக்கும் சர்க்கரை போடாத டீ சொன்னார்.