எம்.ஏ. படித்த மருமகள்

வியட்நாமில் ஐந்து வருடம் நர்சுகளுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தேன். என்னிடம் இருந்தது ஒரு பி.ஏ.வும், ஆங்கிலம் கற்பிப்பதற்கான நான்கு வாரச் சான்றிதழும்தான். அதற்கு மேல் அங்கே யாரும் கேட்கவில்லை. ஐம்பது வயது நர்ஸ் ஒருவர் வெளிநாட்டு நோயாளியிடம் தானே பேசிவிட்டதாக வகுப்பில் சொல்லி அழுதார். அதுதான் எனக்குப் பட்டம்.

காஞ்சிபுரம் திரும்பியதும் செவிலிமேட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நெசவுக் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா முதலில் என் முந்தானையைத் திருப்பி ஜரிகையைப் பார்த்தார். அதே முகத்தோடு என்னையும் பார்த்தார்.

"வெறும் பி.ஏ.வாம்மா? அதை வெச்சிக்கினு வெளிநாட்டுல இன்னா பாடம் எடுத்த? நாங்க எம்.ஏ. இங்கிலீஷ் படிச்ச பொண்ணாப் பாத்துக்கினு இருக்கோம்."

சொல்லிவிட்டு, நான் கிளறிய கேசரியை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தேடிய மாதிரியே பெண்ணும் கிடைத்தாள்.

போன மாதம் அந்த அம்மா மருமகளோடு என் வாசலில் வந்து நின்றார். மகனுக்குக் கனடாவில் வேலையாம். மருமகளும் அங்கே வேலைக்குச் சேர ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமாம். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாளாம்.

"எம்.ஏ. இல்லாட்டியும் பரவாயில்லமா, நீயே சொல்லிக்குடு" என்றார் பெரிய மனதோடு.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினேன். மாமியார் வெயிலில் நின்றார்.