கூரம் ஏரியில் நான்கு முட்டைகள்

தறியில் உட்கார்ந்தால் என் சித்தப்பாவுக்குக் கண் மட்டும்தான் சேலையில் இருக்கும். மனசு ஏரிக்கரையில் திரியும். அந்தப் பங்குனியில் கூரம் ஏரி வற்றிக் கிடந்தபோது, வெறுந்தரையில் ஆள்காட்டிக் குருவி இட்டிருந்த நான்கு முட்டைகளை அவர்தான் கண்டுபிடித்தார். மண் நிறம், மேலே கரும்புள்ளி. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முட்டை எது, கல் எது என்று தெரியாது. ஒன்பது வயதுக்காரி நான், மூன்று முறை தொலைத்தேன்.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருடைய சிநேகிதர் அமாவாசையன்று ஒருநாள் மட்டும் கேமரா தருவதாகச் சொல்லியிருந்தார். பிலிம் சுருளில் ஒரு படம்தான் பாக்கி. அமாவாசைக்குத் தறி ஓடாது. தாய்க்குருவி முட்டைமேல் உட்கார்ந்திருப்பதை அந்த ஒரு படத்தில் பிடித்துவிட வேண்டுமென்று சித்தப்பா சோறுகூட ஒழுங்காகச் சாப்பிடாமல் தவித்தார்.

அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இடம் மறந்துபோனால்? சேலையில் பிசகு விழுந்த இடத்தில் வேறு நிற இழையை முடிந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதேபோல் பக்கத்து முள்செடியில் ஒரு பழுப்பு இழையை முடிந்தார். எனக்கு அது போதவில்லை. அவர் சைக்கிளை எடுக்கப் போனதும், கையில் வைத்திருந்த ஜரிகைத் துண்டை உச்சிக் கிளையில் கட்டினேன். வெயிலில் தகதகவென்று மின்னியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கரையேறும்போதே குருவி அலறுவது கேட்டது.

"இன்னா சித்தப்பா, இப்படிக் கத்துது?"

"வாயை மூடிகினு வாம்மா."

முள்செடியில் ஒரு காக்கை ஜரிகையை இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று தரையில் கொத்திக்கொண்டிருந்தது. சித்தப்பா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மூன்று முட்டைகள் உடைந்து கிடந்தன. ஒன்றுதான் மிச்சம்.

"தள்ளி வா, தள்ளி வா. நாம நின்னுகினு இருந்தா அது வராது."

புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்தோம். காக்கைகள் பனைமரத்திலேயே உட்கார்ந்திருந்தன. நாங்கள் தூரப் போனால் அவை வரும். கிட்டே இருந்தால் தாய் வராது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் போயிற்றோ, குருவி இறங்கி, மஞ்சள் கால்களால் குடுகுடுவென்று ஓடிவந்து அந்த ஒற்றை முட்டைமேல் உட்கார்ந்தது. சித்தப்பா கேமராவை அழுத்தினார்.

அப்புறம்தான் முள்செடியை நிமிர்ந்து பார்த்தார். எழுந்துபோய் ஜரிகையை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜரிகை வீணாகக் கூடாது என்று எடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

படம் வந்தது. குருவி கடுகளவுதான் இருந்தது. அதன் தலைக்கு மேலே ஜரிகை மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

"பாத்தியா சித்தப்பா, நான் கட்டினது! எப்படி மின்னுது!"

சித்தப்பா படத்தில் அந்த ஜரிகைமேல் விரலை வைத்தார். "ஆமாம்மா, தூரத்துலேர்ந்தே தெரியுது" என்றார்.

பாராட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டு, தெருவில் வீடு வீடாகப் போய் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.