தையல் மெஷினுக்கு இரண்டாவது

ஹுன்னஸ்கிரிய கடைத்தெருவைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தோட்டத்தில், பணியக்கணக்கு என்று சொல்லப்படும் கீழ்ப்பிரிவில், சந்திரிகாவைத் தெரியாதவர் கிடையாது. இருபது வருடமாக அங்கே பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். இன்று மீசை முறுக்கிக்கொண்டு திரியும் இளவட்டங்களில் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் அவள்தான். அந்த உரிமையில் யாரையும் திட்டுவாள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அரசியல் பக்கம் மட்டும் அவள் போனதில்லை. அதற்கென்று வீட்டில் கணவன் கணேஸ் இருந்தான். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். ஒரு வீட்டுக்கு ஒரு அரசியல்வாதி போதும் என்பதே அவளுடைய கட்சி.

அப்பேர்ப்பட்டவளைத் தேர்தலில் இறக்கிவிட்டது பிள்ளைகளின் வயிற்றுப்போக்குதான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, கைவிடப்பட்ட தேயிலை மலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. டவுன் குப்பையை லொறியில் கொண்டுவந்து அதில் கொட்டத் தொடங்கி மூன்று வருடமாகிறது. பள்ளத்துக்குக் கீழே ஊற்று. ஊற்றிலிருந்து பைப் போட்டுக் கொண்டுவருவதுதான் லயத்துப் பீலியில் விழும் தண்ணீர். குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். மழை பெய்தால் பீலியில் நுரை வரும். சில நாள் நுரையோடு யார் வீட்டுப் பிள்ளையோ கட்டிய பேம்பர்ஸின் பஞ்சும் வரும். பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனால் அடுத்த கிழமை பத்துப் பிள்ளைக்குப் போகும். கழுவித் துடைத்து, ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் கொடுத்துக் கொடுத்தே அவள் கை சலித்துப்போனது.

சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. தோட்ட நிர்வாகத்திடம் போனாள், அது பிரதேச சபையின் வேலை என்றார்கள். சபைக்குப் போனாள், காணி தோட்டத்தினுடையது என்றார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். போத்தலும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. கடைசியில் ஒரு உத்தியோகத்தர் மட்டும் உண்மையைச் சொன்னார்: சபையில் இப்போது மெம்பர்மாரே இல்லை, கேள்வி கேட்க ஆளில்லை, தேர்தல் வரட்டும்.

தேர்தல் வந்தது. கூடவே குண்டசாலையிலிருந்து லோரன்ஸ் வந்தார். கண்டியில் குமாஸ்தா வேலை, வாய் முழுக்கக் குப்பையைப் பற்றிய பேச்சு. இந்தக் கட்சி, அந்தக் கட்சி, எதிலும் சேராமல் சுற்றாடலுக்கென்று ஒரு சுயேச்சைக் குழு போட்டிருந்தார். பட்டியலில் பெண்கள் இருந்தாக வேண்டும் என்று சட்டம். பெரிய கட்சிகள் யாருடைய பெண்சாதி பெயரையாவது எழுதி ஒப்பேற்றிவிடும். லோரன்ஸுக்கு நிஜமாகவே பேசக்கூடிய ஒரு பெண் வேண்டியிருந்தது. ஒரு இடம் கிடைத்தாலே போதும், சபையில் எழுந்து நின்று கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் வாக்குத் தரவில்லை. அந்த நேர்மைக்காகவே அவள் சம்மதித்தாள்.

கணேஸ் கொதித்தான். வட்டாரத்தில் மூன்று பேருக்குத்தான் போட்டி. ஒன்று சங்கத்து ஆள். இன்னொன்று பெரிய கட்சியின் ஆள். குப்பை ஏற்றும் லொறியே அவருடையதுதான். மூன்றாவது, இவன் பெண்சாதி.

"சங்கத்து ஓட்ட ஒடைச்சு லொறிக்காரன உள்ளுக்கு விடப்போறியா?"

"சங்கம் குப்பைய எடுக்குமாங்க?"

"மொதல்ல சம்பளப் பேச்சு முடியட்டும்."

சம்பளப் பேச்சு அவள் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து முடியாமல் இருக்கிறது. அவள் உள்ளே போனாள். அவன் ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. பிறகு தானாகவே இறங்கிவந்து, சரி, ஒனக்கும் ஏதாவது செய்வோம் என்றான்.

குழுவுக்குக் கிடைத்த சின்னம் தையல் மெஷின். குப்பைக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று தேர்தல் திணைக்களத்தைத்தான் கேட்க வேண்டும். வெற்றி பெற்றால் ஆளுக்கொரு மெஷின் தருவீர்களா என்று கறுப்பையா கிழவர் கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டு, மெஷின் இல்லை தாத்தா, நல்ல தண்ணி என்றாள். லயம் லயமாகப் போனாள். யாரும் கதவைச் சாத்தவில்லை. தண்ணீரைப் பற்றி அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை, அவர்களே சொன்னார்கள். கிளம்பும்போது எல்லா வாசலிலும் ஒரே பேச்சு:

"ஒங்களுக்கும் போடுறோம் அக்கா."

அவள் பூரித்துப்போனாள். லோரன்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, வட்டாரம் நமக்குத்தான் என்றார். அந்த 'உம்'மை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வாக்களிப்பு முடிந்ததும் பள்ளிக்கூடத்திலேயே எண்ணினார்கள். லோரன்ஸும் அவளும் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். லொறிக்காரரின் கட்டு உயர்ந்தது, அவளுடைய கட்டும் கூடவே உயர்ந்தது. மேசையின் ஓரத்தில் செல்லாத வாக்குகள் என்று இன்னொரு கட்டு சேர்ந்துகொண்டிருந்தது. அது நிற்காமல் சேரவே, லோரன்ஸ் எழுந்து போய் ஆட்சேபித்தார். அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

சங்கத்துச் சின்னத்துக்கு நேரே 1. தையல் மெஷினுக்கு நேரே 2.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சிலது கோணல் எழுத்து, சிலது பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அழகாக எழுதியது. எட்டு மாதத்துக்குள் இது மூன்றாவது தேர்தல். ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் போடலாம் என்று வானொலி தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தது. சனம் அதை நன்றாகவே கற்றுக்கொண்டது. இந்தத் தேர்தலில் ஒரே ஒரு X புள்ளடிதான், இரண்டு இடத்தில் குறியிட்டால் இரண்டுக்கும் இல்லை. அதைத் துண்டுப்பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், இவர்களுடைய துண்டுப்பிரசுரத்திலும்தான்.

சங்கத்தையும் விட முடியவில்லை, தங்கள் பிள்ளையைக் கழுவிவிடும் பெண்ணையும் விட முடியவில்லை. இருவருக்கும் நியாயம் செய்துவிட்ட திருப்தியோடு போய்விட்டார்கள். லொறிக்காரர் அவளைவிட நாற்பதுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். செல்லாத கட்டில் நூற்றுக்கு மேல் இருந்தது. லோரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். மாவட்டம் முழுக்கச் சுற்றிய மனிதருக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிட்டு அவள் மேலே நடந்தாள்.

மறுநாள் பட்டாசு வெடித்தார்கள். சங்கத்துப் பையன்கள், பொம்பளையால் வாக்குப் பிரிந்தது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் மூக்குத் துடைத்துவிட்ட பையன்கள்தான். லொறி வழக்கம்போல ஏறிப்போனது. சாயங்காலம் ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து துக்கம் விசாரிப்பதுபோல நின்றார்கள். கறுப்பையா கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மறக்காம ஒனக்கு ரெண்டாவது போட்டேன் ஆத்தா. மத்த பயலுக ஏமாத்திட்டானுக."

அவர் வாக்கே செல்லாமல் போனதென்று எப்படிச் சொல்வது? அன்பைக் கொண்டுவந்து வாசலில் வைப்பவரிடம் கணக்குப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. வந்த எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தண்ணீரை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து ஊற்றினாள்.

எல்லாரும் போன பிறகு கணேஸ் அடுப்படிக்கு வந்து பலகையில் உட்கார்ந்தான். பையன்களை ஏசிவிட்டு வந்ததாகச் சொன்னான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினான்.

"நீ மனச விட்றாத. யாரு போட்டாங்களோ இல்லையோ, நான் போட்டேன். சங்கத்துக்கு ஒன்னு, ஒனக்கு ரெண்டு. நம்ம லயத்துல தயங்கினவங்களுக்கெல்லாம் அப்படிப் போடச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஒனக்குத் தெரியாம செய்யணும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவன் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. கட்டின நாளிலிருந்து அவளுக்காகச் சங்கத்துக்கு ஒளித்து அவன் செய்த ஒரே காரியம் அதுதான். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அவன் ஒடிந்துபோவான். பிறகு நூறு பேரும் ஒடிந்துபோவார்கள். அப்படியும் லொறி நிற்கப்போவதில்லை.

"சந்தோசங்க," என்றாள்.

"அடுத்த தடவ மொதலாவதே ஒனக்குத்தான்."

அடுத்த தடவைக்கு நான்கு வருடம் இருக்கிறது. இப்போது அவள் மடியில் தவழும் பிள்ளைகள் அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்தே பள்ளிக்கூடம் போய்விடும்.