“இந்த வண்டிக்கு நம்பரே இல்லையே, மேடம்!”

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காட்டூர் தாண்டி ஒரு வளைவு. கார் ஓட்டியது என் வீட்டுக்காரர் தேசப்பன். பக்கத்தில் நான். பின்னால் அவருடைய படகு எஞ்சின். மீஞ்சூரில் சர்வீசுக்கு விடக் கொண்டுபோகிறோம்.

வளைவில் ஒரு அம்மா. தலையில் பெரிய புல்லுக்கட்டு. கட்டு கண்ணை மறைத்ததோ என்னவோ, பாதி ரோட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்காரர் பிரேக் போட்டார். வண்டி நிற்கத்தான் போனது... அதற்குள் பின்னாலிருந்த எஞ்சின் வழுக்கிக்கொண்டு வந்து அவர் சீட்டின் முதுகில் மோதியது. மோதிய வேகத்தில் கால் பிரேக்கிலிருந்து நழுவிவிட்டது. வண்டி இன்னும் ஒரு முழம் முன்னால் போய் — புல்லுக்கட்டு பறந்தது. அம்மாவைக் காணோம்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு பயம். கதவைத் திறக்கக் கை வரவில்லை. இறங்கினால் எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று உட்கார்ந்தே இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ரோட்டோரப் பள்ளத்திலிருந்து அந்த அம்மா எழுந்து நின்றார். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“கண்ணு தெர்ல உனுக்கு? பின்னாடி இன்னாத்தய்யா வச்சிக்கினு போற, இந்த உருட்டு உருளுது?”

“அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, வாம்மா...” என்று இவர் கெஞ்சினார்.

“மாடு காத்துக்கினு கீது. போய்யா அந்தாண்ட!”

புல்லை அள்ளிக் கட்டிக்கொண்டு போயேவிட்டார். நாங்கள் மீஞ்சூர் போய் எஞ்சினை இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

அந்த அம்மா எழுந்திருக்காமல் இருந்திருந்தால்?

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மீன் குழம்பு கொதிக்கும்போதும் அதே கேள்வி, துணி காயப்போடும்போதும் அதே கேள்வி. மூன்றாம் நாள், பீரோவிலிருந்து கார் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை! ஏழு சீட் வண்டி, சொந்த உபயோகம், மாற்றங்கள் எதுவும் இல்லை என்று இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையோடு காலாவதி.

மாற்றங்கள் இல்லையா? எங்கள் காரில் மாற்றாதது ஸ்டீயரிங்கும் ஹாரனும்தான்.

கோட்டைக்குப்பத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்குமா? வாங்கிய நாலாம் வருஷமே காரின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. உட்கார்ந்தால் கீழே ரோடு ஓடுவது தெரியும். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் டிங்கரிங் கடைக்குப் போயிருப்பார்கள். இவர் யாரைக் கூப்பிட்டார்? படகுக்கு ஃபைபர் போடும் ஜோசப் மேஸ்திரியை!

மேஸ்திரி பின் சீட்டெல்லாம் கழற்றிப் போட்டார். முன் சீட்டிலிருந்து பின் கதவு வரை பாய் பாயாக ஃபைபர் விரித்து, ரெசின் பசை ஊற்றி, மேலே படகுக்கு அடிக்கிற அதே நீல பெயின்ட். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் உள்ளே ஏறினால் இறங்க வேண்டுமே... அதற்குத் தரையில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தக்கை. ஊரே வந்து பார்த்துப் பாராட்டியது. நானும்தான் பெருமைப்பட்டேன்.

அந்த வழவழப்புத் தரையில்தான் எஞ்சின் வழுக்கியது.

சரி, இன்ஷூரன்ஸ் தேடுவோம் என்று உட்கார்ந்தேன். முதலில் பழைய ஏஜென்ட். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “மேடம், நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள ரினியூ பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்” என்றார். எவ்வளவு இனிமையான குரல்!

அடுத்து ஒரு ஆப். வண்டி நம்பரைப் போட்டதும் பட்டாசு வெடிக்கிற படமெல்லாம் காட்டி, இரண்டு நிமிடத்தில் பாலிசி ரெடி என்றது. மாற்றம் ஏதாவது உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அதுவாகவே டிக் அடித்துவைத்திருந்தது. என்ன ஒரு நம்பிக்கை நம் மேல்!

மூன்றாவதாக, பொன்னேரியில் ஒரு சின்ன ஆபீஸ். சுமதி என்று ஒரு பெண் போனை எடுத்தார். கேட்டார்... கேட்டார்... கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை சீட் இருக்கு? கழட்டின சீட் எங்க? தரையில என்ன போட்டிருக்கீங்க? பின்னால என்ன ஏத்துறீங்க? அதைக் கட்டி வைக்கிறீங்களா? நான் ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். தக்கை வரைக்கும் சொன்னேன். ‘தக்கையா?’ என்று இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

“மேடம், சர்வேயர் வந்து பாக்கணும். அப்புறம்தான் சொல்ல முடியும்.”

போனை வைத்ததும் இவர் ஆரம்பித்தார்.

“இன்னாமே, உனுக்குப் புத்தி கீதா? தக்கையச் சொல்லுவியா? வண்டியப் புடிச்சி உள்ள போட்டுட்டாங்கன்னா இன்னா பண்ணுவ?”

“அந்தப் புல்லுக்கட்டு அம்மா எழுந்துக்காம போயிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? அந்த ஏஜென்ட் வந்து நிப்பானா?”

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் ‘பாத்துக்கலாம்’ என்கிற ஆள். சர்வேயர் என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நீலத் தரையைத் தடவிப் பார்த்தார். தக்கையைப் பிடுங்கிப் பார்த்தார், திரும்பச் செருகினார். கடைசியில் டிரைவர் சீட்டைத் தூக்கிவிட்டு, குப்புறப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் தேடு தேடென்று தேடினார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

“இந்த வண்டிக்கு நம்பரே இல்லையே, மேடம்!”

“நம்பர் பிளேட் முன்னாடி இருக்குதே சார்?”

“அது இல்ல. சேசிஸ் நம்பர். பாடியிலயே அடிச்சிருப்பாங்க, பதினேழு எழுத்து. இந்தச் சீட்டுக்கு அடியில இருக்கணும். அது இல்லன்னா இது யார் வண்டின்னு யாருக்குத் தெரியும்? திருட்டு வண்டியிலதான் அப்படி அழிச்சிருப்பாங்க.”

இந்தக் காரில்தான் ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டித் தடா பக்கம் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம்! போலீஸ்காரருக்குச் சிரித்துக் கையாட்டியெல்லாம் இருக்கிறேன். ஒருவர் சீட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால்? பின்னால் பாயில் உட்கார்ந்து வந்த என் மகளும் நானும் பட்டுப்புடவையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்போம்.

ஜோசப் மேஸ்திரிக்கு ஆள் போனது. வந்தவர் சாவதானமாகச் சொன்னார்: “நம்பரா? உள்ள இன்னாவோ குத்தியிருந்திச்சி நைனா. துருவோட துருவா இருந்திச்சி. அது மேலயே ஃபைபர் போட்டேன்.”

“நம்பர் மேலயா?” சர்வேயர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“படகுக்கு நம்பர வெளிய எழுதுவோம், நைனா. கரையில நிக்கிறவன் படிக்கணும்ல? உள்ள எவன் எழுதுவான்? உள்ள எழுதினா மீனா படிக்கப் போவுது?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நம்பர் என்றால் ஊர் பார்க்க வெளியே இருக்க வேண்டியது. சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்கள்?

மேஸ்திரி பையிலிருந்து கிரைண்டரை எடுத்தார். சர்வேயர் பாய்ந்து வந்து தடுத்தார். “வேணாம்! நம்பர்ல ஒரு கோடு அழிஞ்சாலும் முடிஞ்சுது. நீங்களே அழிச்சதா ஆயிடும்.”

கிரைண்டர் பைக்குள் போனது. என் பெண்ணின் முடி உலர்த்துகிற மெஷின் வெளியே வந்தது. ஃபைபரைச் சூடு காட்டி இளக்கி, பட்டி வைக்கிற தகட்டால் செதில் செதிலாக உரித்தார் மேஸ்திரி. இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை.

முதல் எழுத்து தெரிந்தது. இரண்டாவது... ஐந்தாவது... சர்வேயர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினான்காவதில் நின்றுவிட்டார்.

“இது மூணா, எட்டா? துரு தின்னிருக்கு.”

மூன்று என்றால் இது எங்கள் கார் இல்லை. எட்டு என்றால் எங்கள் கார். சாக்பீஸ் கேட்டார். வீட்டில் ஏது சாக்பீஸ்? கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நம்பர் மேல் தேய்த்து, துணியால் லேசாகத் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது.

எட்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

ஆனால் சர்வேயர் விடவில்லை. ஃபைபரை முழுக்க உரித்தெடுக்கவேண்டும், தகடு வைத்து ஒழுங்காக வெல்டிங் செய்யவேண்டும், கழற்றிய சீட்டெல்லாம் மாட்டவேண்டும், எஞ்சின் இனிமேல் லோடு ஆட்டோவில் போகவேண்டும். எல்லாம் முடிந்ததும் திரும்ப வந்து பார்ப்பேன் என்றார். வெள்ளிக்கிழமை பழைய பாலிசி முடிந்தது. கார் வாசலிலேயே நின்றது. இவர் எங்கே போனாலும் பஸ்தான், ஷேர் ஆட்டோதான். தகடு வாங்கப் போகிறேன் என்பார், டிங்கரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். காலையில் போனால் மத்தியானம்தான் வருவார். ஒரு தகடு வாங்க இவ்வளவு நேரமா என்று நான் கத்துவேன்.

அடுத்த புதன்கிழமை சர்வேயர் மறுபடி வந்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். சீட்டை ஆட்டிப் பார்த்தார். திருப்தி. நாற்காலியில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்ப ஆரம்பித்தார். பேர், முகவரி, லைசென்ஸ்... பயம் மெல்ல என்னை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி.

“இதுக்கு முன்னாடி இந்த வண்டியால விபத்து எதாவது நடந்திருக்கா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க.”

இறங்கிய பயம் அப்படியே திரும்ப ஏறியது. ஸ்டேஷனில் புகார் இல்லை. பார்த்தவர் இல்லை. அந்த அம்மாவுக்கு எங்கள் பேர்கூடத் தெரியாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, இப்போது போய் இதைச் சொல்லி, ‘முடியாது’ என்று எழுந்து போய்விட்டால்?

“இல்ல சார்” என்றேன்.

நான்தான்! தக்கை வரைக்கும் சொன்ன அதே நான். வாராவாரம் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிற நான்.

“இருக்குது சார்” என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

“காட்டூர்ல ஒரு அம்மா சார். எஞ்சினு வழுக்கி, வண்டி நிக்காம போயி இடிச்சிட்டேன். கன்னியம்மான்னு பேரு. விசாரிச்சித் தேடிப் புடிச்சிப் போய்ப் பாத்தேன். முட்டியில சிராப்பு, இடுப்புல ஒரு ஊமைக்காயம். டாக்டராண்ட காட்டினேன், எலும்புக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. மாட்டுக்கு இப்ப நான்தான் புல்லு அறுத்துப் போட்டுட்டு வர்றேன். எழுதிக்குங்க சார்.”

தகடு வாங்கப் போன நேரமெல்லாம் எங்கே போயிருக்கிறது!

சர்வேயர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்தார். பிறகு நான் சொன்ன ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினார். நாலு வரி பிடித்தது. பாலிசி அடுத்த நாளே வந்துவிட்டது.

கேள்வி கேட்கிற கம்பெனியாகத் தேடிப் பிடித்தது நான். பதில் சொன்னது அவர்.