பத்துச் சோடா மூடிகள்

சனிக்கிழமை நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இருக்க வேண்டுமென்றால், வெள்ளவத்தையில் நான் இரண்டரைக்கே பஸ் ஏற வேண்டும். பம்பலப்பிட்டியில் ஒரு நெரிசல், கொள்ளுப்பிட்டியில் இன்னொரு நெரிசல். கோட்டையில் இறங்கி, வெயிலில் நடந்து, மட்டக்குளி பஸ்ஸில் தொற்றிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பாடும் எதற்கென்றால், தோற்கப்போகிற ஓர் அணி எப்படித் தோற்காமல் இருக்கலாம் என்று இரண்டு மணித்தியாலம் வாதாடுவதற்கு. "உங்களுக்கு வேற வேலை இல்லையே?" என்று கேட்பதை என் மனைவி நிறுத்திப் பல வருடங்களாகின்றன. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணத்தோடு வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். கழகத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. பெரிய பெயர் எடுத்த உதைபந்தாட்டக் கழகம் இல்லை அது. கிண்ணம் என்று சொல்ல ஒன்றிரண்டு கண்ணாடி அலுமாரியில் கறுத்துப்போய் இருக்கின்றன. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் கால் தானாகப் பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறது. இது பக்தியா பழக்கமா என்று கேட்டால், அலுப்போடு கூடிய பழக்கம் என்றுதான் சொல்வேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவன் மருதானையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பன். மற்றவன் தெமட்டகொடை ரயில்வே யாட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன், மட்டக்குளியில் குடியிருக்கிறான். மூன்றாவது, காப்புறுதிக் கம்பனியில் பைல்களைப் புரட்டியே தேய்ந்துபோன நான். மூவரும் ஒரு காலத்தில் இதே கழகத்தின் இரண்டாம் அணியில் ஓடியவர்கள். எங்களால் கழகத்துக்கு எந்த நன்மையும் நடந்ததாக நினைவில்லை.

இந்த முறை நிலைமை மோசம். மூன்று ஆட்டங்கள் பாக்கி இருந்தன, நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். அப்படியே முடிந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் அடுத்த வருடம் புதிய கோல்காப்பாளரைக் கொண்டுவருவதென்று கழகக் கமிட்டியில் கதை அடிபட்டது. இப்போதிருக்கும் கோல்காப்பாளர், எங்கள் ரயில்வே நண்பனின் ஒரே மகன்.

நாங்கள் கூடும் தேத்தண்ணிக் கடையில் சோடாப் போத்தல் மூடிகள் போட்ட பால் டின் ஒன்று எங்களுக்கென்றே இருக்கும். ஹாட்வெயார்க்காரன் வந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு மூடிகளை அடுக்குவான். பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு. ஆக மொத்தம் பத்து. கோல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேசைதான் இருக்கும்.

இது எப்படி வந்ததென்றால், நாலு வருடத்துக்கு முன் அந்தப் பையன் அணிக்கு வந்த முதல் சனிக்கிழமை, ஹாட்வெயார்க்காரன் பதினோராவது மூடியையும் வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதிரே தகப்பன் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் இவன் மூடியை எடுத்து டின்னுக்குள் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த மூடி வெளியே வரவில்லை. பெற்றவன் முன்னால் பிள்ளையைக் குறை சொல்வதா? யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, ஆனாலும் சட்டம் போட்டதுபோல் காப்பாற்றினோம். எங்களுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"மச்சான், நான் செல்றதக் கேளு," என்று ஹாட்வெயார்க்காரன் ஆரம்பிப்பான். "லெப்ட் பெக் ஈக்கிறானே, அவன் மேல ஏறிப் போனா திரும்பி வாறதே இல்ல. அவன மாத்தினா மூணு மெட்ச்சும் நம்மட."

"மூண்டும் வேண்டாம். ரெண்டு வெண்டாலே போதும், மற்றவங்கள் தோத்தா," என்பான் தகப்பன்.

"மற்றவங்கள் ஏன் தோக்கிறாங்கள்?" என்று நான் எரிந்து விழுவேன். "தோக்கிறதுக்கெண்டுதான் நாங்க இருக்கிறமே."

பிறகு பிளேன்டீ, பட்டிஸ், திரும்பவும் லெப்ட் பெக். ஆறு மணியளவில் தகப்பன் குடையைக் கையில் எடுப்பான். எழும்புவதற்கு முன் எங்கள் இருவரையும் பார்த்து, "வேற ஒண்டும் இல்லையா?" என்று கேட்பான். "வேற என்ன, அவ்வளவுதான்," என்போம். போய்வருகிறேன் என்பதை அவன் அப்படிச் சொல்கிறான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றில் முதல் ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அடுத்த சனிக்கிழமை மூன்று கோலுக்கும் காரணம் கண்டுபிடித்தோம். முதலாவதற்குப் புல் சரியில்லை. இரண்டாவதற்கு ரெஃப்ரிக்குக் கண் சரியில்லை. மூன்றாவதற்கு, சென்டர் பெக் புதுச் சப்பாத்து போட்டிருந்தான். கோல் கம்பங்களுக்கு நடுவே ஒருத்தன் நின்றான் என்ற விஷயம் எங்கள் விசாரணையில் வரவே இல்லை. தகப்பன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். கடைசியில் வழக்கம்போல, "வேற ஒண்டும் இல்லையா?" என்றான். இல்லை என்றோம்.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, நடக்க இருந்த இரண்டாவது ஆட்டம் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரத்தில்தான், சட்டைத்துணி எடுக்க வேண்டுமென்று மனைவி என்னை வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு இழுத்துப்போனாள். துணி எடுக்கப் போனால் எனக்கு முதுகு நோகும். கதிரை தேடிக்கொண்டிருந்தபோது தோளில் துணிக் கட்டோடு ஓர் உயரமான ஆள் ஸ்டோர்ஸிலிருந்து வெளியே வந்தான். எங்கள் கோல்காப்பாளர். அங்கே வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கிட்ட வந்தான்.

"அங்கிள், நீங்க சொன்னது சரிதான். கோணர் கிக் வரேக்க லைனை விட்டு வெளியில வர நான் பிந்துறன். இப்ப ஒவ்வொரு நாளும் காலமை அதைத்தான் ப்ரெக்டிஸ் பண்ணுறன்."

"நான் சொன்னனா?"

"அப்பா வந்து சொன்னவர். கோபத்தில நீங்க மேசையில அடிச்சீங்களாம்." அவனுக்கு அதில் ஒரு சந்தோசம். "பந்து கைக்கு வர முன்னமே எறியுறதைப் பற்றி யோசிக்கிறன் எண்டு ஹாட்வெயார் அங்கிள் சொன்னாராம். அதுவும் சரி. அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து ஒண்டும் விடாமச் சொல்லுவார்."

"உனக்குக் கோபம் வாறேல்லையா?" என்று கேட்டு வைத்தேன்.

"ஏன் அங்கிள்? அப்பா ஒரு நாளும் ஏசமாட்டார். எத்தனை கோல் விட்டாலும், நல்லா விளையாடினாய் எண்டுதான் சொல்லுவார். நீங்களாவது ஏசுறீங்களே. டீம்ல இருக்கிறவனைத்தானே ஏசுவாங்க."

உள்ளேயிருந்து யாரோ தம்பி என்பதைச் சிங்களத்தில் "மல்லி!" என்று கூப்பிட, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "ஆர் அது?" என்று மனைவி கேட்டாள். "எங்கட கோல் கீப்பர்," என்றேன். நாலு வருடத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் சொல்லாததையெல்லாம் அந்த மனிதன் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் இருந்து யோசித்து, எது என் வாய்க்குப் பொருந்தும், எது ஹாட்வெயார்க்காரன் வாய்க்குப் பொருந்தும் என்று பிரித்து, வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். தன் கண்ணில் பட்ட குறைகளைத் தன் வாயால் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. எங்கள் வாயால் சொல்வித்தான். வாசல்படியில் மகன் காத்திருப்பான் அல்லவா, தன்னைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்று கேட்க? ஒன்றுமே கதைக்கவில்லை என்று எந்தத் தகப்பன் போய்ச் சொல்வான்? பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அவமரியாதை! வெட்கமாக இருந்தது. நாலு வருடமாக அந்தப் பையனை நாங்கள் அணியில் சேர்க்கவே இல்லை.

தள்ளிப்போன ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடிந்தது. ஒரு கோணர் கிக்குக்கு அவன் லைனை விட்டு ஓடிவந்து பந்தைக் குத்தி வெளியே தள்ளினான். நான் எழும்பிக் கை தட்டினேன். பிற்பாதியில் தரையோடு வந்த ஒரு சாதாரணப் பந்தைக் கால்களுக்கு நடுவால் விட்டான். நான் திரும்பவும் உட்கார்ந்துகொண்டேன். கடைசி ஆட்டத்தில் வென்றால் தப்புவோம், இல்லாவிட்டால் இறங்குவோம் என்ற நிலை.

அந்த ஆட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை. ஹாட்வெயார்க்காரன் பத்து மூடிகளை அடுக்கினான். லெப்ட் பெக்கை ஏசினான். தகப்பன் இரண்டாவது பிளேன்டீயையும் முடித்தான். என் கை டின் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. வயது போன காலத்தில் ஒரு மூடியை எடுத்து வைக்கவா இவ்வளவு பயம் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

தகப்பன் குடையை எடுத்தான். "வேற ஒண்டும் இல்லையா?"

"இருக்கு. இரு," என்றேன்.

டின்னுக்குள் கை விட்டு ஒரு மூடியை எடுத்து, பின்வரிசை நாலு பேருக்கும் பின்னால், வெறும் மேசையில் வைத்தேன். மேசைக்குக் கீழே ஹாட்வெயார்க்காரன் என் காலை மிதித்தான். நான் பொருட்படுத்தவில்லை.

"உன்ர மகன் தரையோட வாற பந்துக்குக் குனியிறான் இல்லை. காலைத்தான் நீட்டுறான். முதல் மெட்ச்ல வாங்கின மூண்டு கோல்ல ரெண்டு அவன்ர பிழை. புல்லும் இல்லை, ரெஃப்ரியும் இல்லை. போன கிழமை அடிச்ச கோலை நான் இந்த முழங்காலோட பிடிச்சிருப்பன்." மேசையில் ஓங்கி அடித்தேன். மூடிகள் குலைந்தன. "கோணருக்கு வெளியில வந்தது நல்ல வேலை. நாளைக்கும் அப்பிடியே வரச் சொல்லு. அரைவாசியில நிக்க வேண்டாமெண்டு சொல்லு."

தகப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹாட்வெயார்க்காரன் காலை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நானும் ஒண்டு செல்லவா மச்சான்?" என்றான் மெல்ல. "அவன் கத்துறது பத்தாது. பெக்மாரோட சத்தமாக் கதைக்கோணும்."

தகப்பன் குடையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தான். குலைந்துகிடந்த மூடிகளுக்குள் அந்தப் பதினோராவதைத் தேடி எடுத்து, அதன் இடத்தில் வைத்தான்.

"ஆறுதலாச் சொல்லுங்கடா," என்றான். "வீட்ட போய் அப்பிடியே சொல்லோணும்."